பிள்ளையாக நின்று எழுதுகிறோம், பெற்றவராக நின்று எழுதுகிறோமா?

செல்லூர்வாசி

தலைப்பிலேயே கேள்வி இருக்கிறது, இருந்தாலும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். தமிழில் அம்மாவைப் பற்றி எழுதாத எழுத்தாளர் யார்? அப்பாவுக்கும் குறைவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் முக்கால்வாசி மகன் எழுதிய அம்மா, மகன் எழுதிய அப்பா, அபூர்வமாக மகள் எழுதிய அப்பா. தி. ஜானகிராமனின் அம்மா வந்தாள் 1966-இல் வந்தது. அலங்காரத்தம்மாள் மாதிரி ஒரு தாய் அதற்கு முன்னால் நம் நாவலில் இல்லை என்பார்கள், சரிதான், ஆனால் அந்தக் கதையில் அடிபடுகிறவன் அப்பு, வேதபாடசாலையிலிருந்து திரும்பி வந்து சொந்த வீட்டைப் பார்த்து அதிர்கிறவனும் அப்பு. நம் மதுரைப் பக்கத்துக்கு வந்தால் செல்லப்பாவின் வாடிவாசல். காரிக் காளை குத்திச் செத்த அப்பனுக்காகப் பிச்சி அங்கே வந்து நிற்கிறான். அப்பன் அம்புலி அதில் ஒரு நினைவு, தீர்க்க வேண்டிய ஒரு கடன், அவ்வளவுதான். அம்புலிக்குத் தன் மகனைப் பற்றி என்ன பயம் இருந்தது என்று நமக்குத் தெரியாது.

பெற்றவன் பெற்றவனாகவே நின்று, பிள்ளையைப் பார்த்துக் குழம்பி, எரிச்சல்பட்டு, சில நேரம் பொறாமைப்பட்டு எழுதியது எங்கே என்று தேடுகிறேன். பிள்ளைப் பாசம் பற்றிய எழுத்து வேண்டாம், அது வார இதழ்களில் நிறைய இருக்கிறது.

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால் என் மகள் எல்கேஜி படிக்கிறாள், அவளை வைத்து ஒரு கதை எழுதினேன். அனுப்புவதற்கு முன் வீட்டில் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு "இதில் பாப்பா இருக்கிறாள், நீங்கள் எங்கே?" என்று கேட்டாள் மனைவி. அப்புறம், "அவள் பெரியவளாகி இதைப் படித்தால் என்ன சொல்வாள் என்று யோசித்தீர்களா?" ரெண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

தெற்குவாசல்

தம்பி, நீங்கள் தேடுவதை நம்ம ஊர் ராஜாவே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். புறநானூறு 188, பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. முப்பது வருஷத்துக்கும் மேல் வகுப்பில் நடத்தியவன் என்பதால் மனப்பாடமாகவே இருக்கிறது:

"குறுகுறு நடந்து சிறுகை நீட்டி
இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்
நெய்யுடை அடிசில் மெய்பட விதிர்த்தும்"

குழந்தை சின்னக் கையை நீட்டுகிறது, சோற்றைக் கீழே போடுகிறது, தொடுகிறது, வாயால் கவ்வுகிறது, துழாவுகிறது, நெய்ச்சோற்றை மேலெல்லாம் இறைத்துக்கொள்கிறது. இத்தனை வினைச்சொல்லும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் கிடைக்கும். ராஜாவுக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும், ஆனாலும் பிள்ளை சாப்பிடும்போது எழுந்து போகவில்லை. இது பெற்றவன் எழுத்து இல்லையா?

மாடக்குளம்

ஐயா, மன்னிக்க வேண்டும், நீங்கள் வசதியாக அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டீர்கள். அடுத்து என்ன வருகிறது? "மயக்குறு மக்களை இல்லோர்க்குப் பயக்குறை இல்லைத் தாம் வாழும் நாளே." பிள்ளை இல்லாதவர் வாழ்கிற நாளுக்குப் பயனே இல்லை என்கிறார் ராஜா. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லாத பெண் ஒருத்தி வளைகாப்பு வீட்டில் எந்த மூலையில் உட்கார வைக்கப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும், நான் உட்கார்ந்திருக்கிறேன். "விசேஷம் உண்டா?" என்று கேட்காத ஆள் இல்லை. அந்தக் கேள்வியில் இருப்பது ராஜாவின் கடைசி வரிதான்.

அதனால்தான் மாதொருபாகனில் பொன்னாவின் வலியை நான் வேறு மாதிரி படித்தேன். 2010-இல் வந்த நாவல். நாலு வருஷம் கழித்து அதன் மேல் நடந்த கூச்சல் எல்லோருக்கும் தெரியும், பெருமாள்முருகன் எழுதுவதையே நிறுத்துகிறேன் என்று அறிவித்ததும், 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னதும். அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது என்ன தெரியுமா? காளிக்கும் பொன்னாவுக்கும் ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு இருக்கிற ஆசை. பிள்ளை இல்லை என்று அவர்கள் குறைபட்டதைவிட ஊர் குறைபட்டதுதான் அதிகம். பெற்றவர் எழுத்து என்று தலைப்பு வைக்கும்போது பெறாதவரையும் அதில் சேர்க்க வேண்டும். பெற்றோர் என்ற அடையாளத்தின் பாரம் முழுசும் தெரிவது அது மறுக்கப்பட்டவருக்குத்தான்.

தெற்குவாசல்

அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். அந்தக் கடைசி வரியை வகுப்பில் நடத்தும்போது நானே சீக்கிரம் கடந்துபோவதுதான் வழக்கம், முன் பெஞ்சில் யார் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறதோ என்று.

ஆனால் புறநானூற்றை ஒரே குரலாகப் பார்க்க வேண்டாம். 312-ஆம் பாட்டில் பொன்முடியார் என்ற பெண் புலவர் ஆளாளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறார். ஈன்று புறந்தருதல் என் கடன், சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடன், வேல் வடித்துக் கொடுத்தல் கொல்லனுக்கு, நன்னடை நல்கல் வேந்தனுக்கு. மகனுக்கு என்ன கடன் என்றால் யானையைக் கொன்றுவிட்டு வர வேண்டும்.

அரசரடி அரட்டை

எல்லாருக்கும் கடன் பிரித்தாச்சு, பையனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது நீட் கோச்சிங்கில் சேர்க்கிற வீட்டிலும் அதே பட்டியல்தான், யானைக்குப் பதில் கட் ஆஃப்.

செல்லூர் அண்ணே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது எனக்குப் பாதிதான் ஒப்பு. இமையத்தின் செல்லாத பணம் படிக்கவில்லையா? 2018-இல் வந்தது, சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. அப்பா நடேசன் ஒரு தலைமையாசிரியர். மகள் ரேவதியை இன்ஜினியரிங் படிக்க வைக்கிறார், அவள் ஆட்டோ ஓட்டுகிற ரவியைக் கட்டிக்கொள்கிறாள், பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பையன். அப்பா பேச்சை நிறுத்திவிடுகிறார். அப்புறம் அவள் தீயில் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது வார்டுக்கு வெளியே பையில் பணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அந்தப் பணம் எதற்கும் உதவவில்லை. நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில்தான் நடக்கிறது. பெற்றவரின் ரோஷம், வெட்கம், பயம் எல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் நான் என் அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை, ஏன் என்று அவருக்கும் புரியவில்லை.

செல்லூர்வாசி

படித்திருக்கிறேன் தம்பி. நல்ல உதாரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் பாருங்கள், அப்பா பேச ஆரம்பிக்கும்போது மகள் பேச முடியாத நிலையில் கிடக்கிறாள். நான் கேட்பது அன்றாடம். பிள்ளை நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிறது, வருகிறது, ஆனாலும் பெற்றவனுக்குள் ஏதோ புரண்டுகொண்டே இருக்கிறது, அந்த இடம். பேரிடர் இல்லாத வீட்டை எழுத நம்மால் முடியுமா?

மாடக்குளம்

முடியும், அம்பை எழுதியிருக்கிறார். அம்மா ஒரு கொலை செய்தாள் கதையில் பெரிதாக என்ன நடக்கிறது? ஒரு பெண் குழந்தை வயதுக்கு வருகிறது, வெளியூர் போயிருக்கும் அம்மா வந்து தன்னைத் தேற்றுவாள் என்று காத்திருக்கிறது, அம்மா வந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறாள். யாரும் சாகவில்லை, வீடு தீப்பிடிக்கவில்லை. என்ன, அதுவும் மகள் சொல்கிற கதைதான், உங்கள் கணக்கில் வராது.

உங்கள் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ரொம்பச் சாதாரணமானது. அன்றாடம் பிள்ளையோடு இருந்தது அம்மாக்கள். அவர்களுக்குப் பேனா பிடிக்க நேரம் கிடையாது, நேரம் கிடைத்தாலும் அனுமதி கிடையாது. நம் ஊரிலிருந்து திருச்சி ரோட்டில் போனால் துவரங்குறிச்சி வரும். அங்கே ஒரு பெண், வயதுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்பட்டவர், கல்யாணத்துக்கு அப்புறமும் புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்துக் கவிதை எழுதி, அதைப் பெற்ற அம்மா மூலமாக வெளியே அனுப்பியிருக்கிறார். சல்மா என்பதே அப்படி வைத்துக்கொண்ட பெயர். அவருடைய நாவல் இரண்டாம் ஜாமங்களின் கதை 2004-இல் வந்தபோதுதான் அந்த வீடுகளுக்குள் அம்மாக்களும் மகள்களும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று வெளியே இருக்கிற நமக்குத் தெரிந்தது. பெற்றவள் எழுத்து இல்லை என்று சொல்லும் முன்னால் அவளுக்குப் பூட்டில்லாத அலமாரி ஒன்று இருந்ததா என்று கேட்க வேண்டும்.

நானும் எழுதுகிறேன். (ஆமாம், பிற்பாடு எனக்கு ஒரு பையன் பிறந்தான்.) அவன் தூங்கின பிறகுதான் எழுத்து. செல்லூர் அண்ணனின் கதையை அவர் எழுதிக்கொண்டிருந்தபோது பாப்பாவைத் தூங்க வைத்தது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அரசரடி அரட்டை

😂 அண்ணே, பதில் வருமா?

செல்லூர்வாசி

வீட்டுக்காரிதான். அது கதையில் இல்லை. இப்போது புரிகிறது, அவள் "நீங்கள் எங்கே" என்று கேட்டதில் இதுவும் இருந்திருக்கும்.

கருமாத்தூர்

எல்லாரும் நாகரிகமாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன். நான் உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் ஊர்க்காரன் தாய்மையைப் பற்றி என்ன எழுதினாலும் படிக்கிறவன் பெண் சிசுவைக் கொல்லக் கொடுத்த கள்ளிப்பாலைத் தேடுகிறான். 1986-இல் ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் அட்டைக் கட்டுரையில் ஆரம்பித்தது. அப்புறம் டெல்லியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கேமராவோடு வந்தார்கள், 1994-இல் கருத்தம்மா படம் வந்தது. நடந்ததை நடக்கவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். நடந்தது. வரதட்சணை, நிலம் துண்டாகிறது என்ற பயம், ஆண் வாரிசு மோகம் எல்லாம் சேர்ந்து நடந்தது. எங்கள் பக்கம் மட்டும் நடக்கவில்லை, பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் அரசு முதலில் தொடங்கியது சேலத்தில். ஸ்கேன் மெஷின் வந்த பிறகு பெரிய ஊர்களில் ஏசி அறைக்குள் நடந்ததை யாரும் ஊர் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

என் அம்மாவுக்கு நாங்கள் நாலு பேர், முதல் மூன்றும் பெண். மூன்று அக்காக்களையும் அவர் வளர்த்தார், ரெண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள். அதைக் கதையாக எழுதி ஒரு பயிலரங்கத்தில் வாசித்தேன். அங்கே வந்திருந்த ஒரு பெரிய ஆள், பெயர் வேண்டாம், "இதில் அந்தப் பகுதியின் இருட்டு வரவில்லையே" என்று சொன்னார். என் அம்மா என்ன இருட்டைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் இவருக்கு? மூன்றாவது பெண் பிறந்தபோது அப்பத்தா எங்கள் வீட்டில் சாப்பிடாமல் போனது, அம்மா பச்சை உடம்போடு எழுந்து உலை வைத்தது, இதெல்லாம் கதையில் இருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை, கொலை இல்லாததால்.

அடையாளம் என்று பேசுகிறோமே, பிறர் ஒட்டிவிட்ட அடையாளத்தோடு பிள்ளை வளர்ப்பது எப்படி என்று யாராவது எழுதுங்கள், நான் வாங்கிப் படிக்கிறேன்.

தெற்குவாசல்

கருமாத்தூர்த் தம்பி, அந்தக் கதையை இங்கே போட முடிந்தால் போடுங்கள். அப்பத்தா சாப்பிடாமல் போனது ஒன்று போதும்.

மதுரைத் தல புராணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையத்துவச பாண்டியன் ஆண் பிள்ளை வேண்டி வேள்வி செய்கிறான், தீயிலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தை வருகிறது, மூன்று முலையோடு. அவனுக்கு வருத்தம். அப்புறம் அசரீரி சொல்லி, ஆண் பிள்ளைபோல் வில்லும் வாளும் பழக்கி முடி சூட்டுகிறான். நம் ஊர்ப் பெரிய தெய்வத்தின் கதையே, பெண்ணாய்ப் பிறந்ததே என்று தகப்பன் முகம் சுளித்ததில்தான் தொடங்குகிறது, இதைத் திருவிழா கமிட்டிக்காரர்கள் பேச மாட்டார்கள்.

இன்னொன்று. அந்த மீனாட்சியைக் குழந்தையாக்கித் தால் பாடி, முத்தம் கேட்டு, நிலாவைக் கூப்பிட்டு, ஊசல் ஆட்டிப் பிள்ளைத்தமிழ் பாடியவர் குமரகுருபரர். திருமலை நாயக்கர் காலம். சபையில் அரங்கேறும்போது அம்மனே சிறுமியாக வந்து முத்துமாலையை எடுத்துப் புலவர் கழுத்தில் போட்டாள் என்று சொல்வார்கள். அவர் துறவி. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. நம் ஊரில் ஒலிக்கிற தாய்க்குரல்களில் ரொம்பப் பெரியது பிள்ளை பெறாத ஒரு ஆண் எழுதியது. மாடக்குளம் அம்மா சொன்னதை இதோடு சேர்த்து யோசிக்கிறேன்.

மாடக்குளம்

குமரகுருபரர் எழுதட்டும் ஐயா, நல்ல எழுத்துதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் பிள்ளைத்தமிழில் குழந்தைக்குக் காய்ச்சல் வராது, பேதி வராது, ராத்திரி மூன்று மணிக்கு அழாது. பத்துப் பருவமும் வரிசையாக வந்து போகும். அது கவிதையின் இலக்கணம், குறை சொல்லவில்லை. பெற்றவள் எழுதினால் பதினொன்றாவது பருவம் ஒன்று இருக்கும், பெயர் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டுநூல்

நான் தெற்கு மாசி வீதிப் பக்கம், சௌராஷ்டிரக் குடும்பம், தாத்தா காலம் வரை தறி. இந்த இழையைப் படித்துக்கொண்டே வரும்போது எனக்கு வேறு ஒன்று தோன்றியது, சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் சண்டை, கொஞ்சல், வசவு, ஒப்பாரி எல்லாம் சௌராஷ்டிரத்தில். பள்ளிக்கூடம், கடை, எழுத்து தமிழில். எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்து சௌராஷ்டிர நெசவாளர்களை வேள்வித் தீயில் எழுதியபோது அதைத் தமிழில்தான் எழுதினார், நான் எழுதினாலும் தமிழில்தான் எழுதுவேன், வேறு எதில் எழுதுவது, படிக்கிறவர் வேண்டுமே. ஆனால் என் பாட்டியை எழுதும்போது அவள் வாயிலிருந்து ஒருநாளும் வராத ஒரு மொழியில் அவளைப் பேச வைக்கிறேன். வீட்டில் யாருக்கும் இதில் குறையில்லை, எனக்குத்தான் உறுத்துகிறது.

இதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. நானும் என் மனைவியும் எங்களுக்குள் சௌராஷ்டிரத்தில் பேசுவோம், பையனிடம் திரும்பினால் தானாகத் தமிழ் வந்துவிடுகிறது, யாரும் முடிவு செய்யவில்லை, பள்ளியில் திணறக் கூடாது என்று ஆரம்பித்தது அப்படியே நின்றுவிட்டது. இப்போது அவனுக்கு நாங்கள் பேசுவது புரியும், பதில் தமிழில் வரும். கொடுக்க வேண்டிய ஒன்றைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, அதைப் பற்றிக் கதை எழுதி அச்சில் பார்த்தால் அவன் கேட்க மாட்டானா, கதையில் வருத்தப்பட்டது போதும் வீட்டில் பேசியிருக்கலாமே என்று? செல்லூர் அண்ணன் கேட்ட "பெற்றவன் இடம்" எனக்கு இதுதான்.

செல்லூர்வாசி

இதைத்தான் தேடினேன். எழுதுங்கள் பட்டுநூல், பையன் கேட்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கோரிப்பாளையம்

குடும்பம் என்றால் ரத்த சொந்தம் என்றே எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் உள்ளே வருகிறேன். திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு, நான் வித்யா, 2007-இல் வந்தது. நம் மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தவர். அந்தப் புத்தகத்தில் எனக்கு மறக்காத ஆள் அவருடைய அப்பா. பெண் பிள்ளைகளுக்கு அப்புறம் பிறந்த மகன், அவன் படித்துப் பெரிய ஆளாகக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவான் என்று ஒரு கனவைக் கட்டி, அந்தக் கனவுக்காக அடித்து வளர்க்கிறார். அந்த மகன் மகள் என்று தெரியவரும்போது அவருக்கு உடைவது என்ன? பிள்ளையா, அவர் கட்டின கனவா? வித்யா அப்பாவை வில்லனாக்கவும் இல்லை, மன்னித்து மாலை போடவும் இல்லை. படித்துப் பாருங்கள்.

அதற்கு அடுத்த அத்தியாயம் ஒன்று உண்டு, திருநங்கைகளுக்குள் தாய், மகள், பேத்தி என்று முறை வைத்து வாழ்கிற குடும்பம். வீட்டை விட்டு வெளியே போட்டவர்களைத் தத்தெடுத்து, பெயர் வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், செத்தால் காரியம் செய்கிற தாய்மார்கள். அங்கேயும் அதிகாரம் உண்டு, அடி உண்டு, சம்பாத்தியக் கணக்கு உண்டு, புனிதமாக்க வேண்டியதில்லை. திருநங்கை எழுத்தாளர் ரேவதியின் வெள்ளை மொழியில் ரெண்டு பக்கமும் வரும். நம் ஊரிலேயே ப்ரியா பாபு திருநங்கையர் பற்றிய ஆவணங்களையும் புத்தகங்களையும் சேர்த்து ஒரு மையம் நடத்துகிறார். பெற்றவராக நின்று எழுதியது எங்கே என்று தேடும்போது அந்தப் பக்கமும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.

புது_உறுப்பினர்_மேலூர்

ஜி. நாகராஜனை யாரும் சொல்லவில்லையே? நாளை மற்றுமொரு நாளே, 1974. மதுரைக்காரர், மதுரைச் சந்துகள். எல்லாரும் அதைக் குடி, தரகு, ரவுடித்தனம் என்றே படிக்கிறார்கள், ஆனால் கந்தனுக்கு ஒரு மகன் இருந்தான், காணாமல் போனவன். அந்த ஒருநாள் முழுக்கக் கந்தன் எங்கெங்கோ சுற்றுகிறான், மகன் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறான். கந்தனைத் தகப்பனாகப் பார்க்க நமக்கு ஏன் தோன்றுவதில்லை? தகப்பன் என்றால் பேங்க் பாஸ்புக் இருக்க வேண்டுமா?

அரசரடி அரட்டை

மேலூர், முதல் பதிவிலேயே இப்படிப் போட்டால் எப்படி 👏

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. செல்லூர் அண்ணியின் ரெண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. எழுதப்படுகிறவரிடம் கேட்க வேண்டுமா, வேண்டாமா? பாமா தன் வாழ்க்கையையும் ஊரையும் வைத்துக் கருக்கு எழுதி 1992-இல் வெளிவந்தபோது சொந்த ஊரே கோபப்பட்டு அவரால் சில மாதம் ஊருக்குள் போக முடியவில்லை. அப்புறம் அந்த ஊர்க்காரர்களே பெருமையாகப் பேசினார்கள். முதலில் அனுமதி கேட்டிருந்தால் அந்தப் புத்தகம் வந்திருக்குமா?

மாடக்குளம்

வந்திருக்காது. ஆனால் பாமா எழுதியதையும் ஒரு அப்பா எல்கேஜி பிள்ளையை எழுதுவதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பாமா தன்னை அழுத்தியதை எழுதினார், தன் பாட்டிக்கு நேர்ந்ததை எழுதினார். பிள்ளையை எழுதும்போது அதிகாரம் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. மறுத்துப் பேச அந்தப் பிள்ளைக்கு இன்னும் வயதாகவில்லை.

மறுத்துப் பேசினதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. பாரதி 1904-இல் இங்கே சேதுபதி பள்ளியில் கொஞ்ச நாள் வாத்தியாராக இருந்தார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். சின்னஞ் சிறு கிளியே பாட்டு தெரியாத வீடு இல்லை. ஆனால் செல்லம்மா தன் நினைவுகளைச் சொன்ன பிறகுதான் இன்னொரு வீடு தெரிகிறது, சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிக்குப் போட்டுவிட்டு அந்த மனுஷன் ஆனந்தமாக நிற்கிற வீடு. மகள் சகுந்தலாவும் அப்பாவைப் பற்றிப் புத்தகம் எழுதினார். கவிதையையும் அவர்கள் எழுதியதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் அந்தக் குடும்பம் முழுசாகத் தெரிகிறது. எல்லா எழுத்தாளர் வீட்டிலும் செல்லம்மாவுக்குப் பேனா கிடைப்பதில்லை.

தெற்குவாசல்

சிவகாமி இதை இன்னொரு வழியில் செய்தார். பழையன கழிதலும் 1989-இல் வந்தது, அதில் காத்தமுத்து என்ற தலித் தலைவர், ரெண்டு மனைவி, மேடையில் ஒரு முகம் வீட்டில் ஒரு முகம், மகள் கௌரி அவரை ஈவிரக்கம் இல்லாமல் பார்க்கிறாள். சில வருஷம் கழித்து அதே நாவலுக்கு ஆசிரியர் குறிப்பு என்று தனியாக ஒரு நூல் எழுதினார். நாவலாசிரியை ஊருக்குத் திரும்பிப் போய், நான் எழுதிய அப்பா நியாயமான அப்பாதானா, எதை விட்டேன், எதற்காக அப்படி வளைத்தேன் என்று தன்னைத்தானே குறுக்கு விசாரணை செய்கிறார். எழுதினதை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். எழுதலாமா கூடாதா என்று நீங்கள் எல்லாரும் மோதிக்கொள்ளும்போது எனக்கு இந்த மூன்றாவது வழிதான் பிடிக்கிறது.

கருமாத்தூர்

அது கௌரவமான வேலை ஐயா. ஆனால் ஒரு தலித் பெண் எழுதினால் மட்டும் இந்த விசாரணையைத் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது, மத்தவர்கள் பெற்ற தாயை என்ன பாடு படுத்தி எழுதினாலும் அது இலக்கியம் என்று போய்விடுகிறது. இதையும் குறித்து வையுங்கள்.

செல்லூர்வாசி

குறித்துக்கொண்டேன்.

நான் செய்யப் போவது: கதையை இப்போதைக்கு அனுப்பவில்லை. பாப்பாவின் பள்ளிக்கூடம், பெயர், அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம், மூன்றையும் எடுத்துவிட்டுத் திரும்ப எழுதப் போகிறேன். அந்த வாக்கியத்தை எடுத்தால் கதையில் என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை, ஏனென்றால் அதற்காகத்தான் கதையே எழுதினேன். எரிச்சல்பட்டு நான் அவளிடம் கத்தின இடத்தை முதல் வரைவில் விட்டிருந்தேன், அதைச் சேர்க்கப் போகிறேன். கத்தினது நான், அதை எழுத யார் அனுமதியும் தேவையில்லை. எழுதினதும் முதலில் வீட்டில்தான் கொடுப்பேன், அப்புறம் மாடக்குளம் மேடத்துக்கு, அவர் சம்மதித்தால்.

மாடக்குளம்

அனுப்புங்கள். ராத்திரி பத்தரைக்கு மேல்தான் படிப்பேன்.

பட்டுநூல்

தெற்குவாசல் ஐயா, அந்த ஆசிரியர் குறிப்பு தமிழில் இப்போது கிடைக்கிறதா?

தெற்குவாசல்

ஆங்கில மொழிபெயர்ப்பில் நாவலும் குறிப்பும் ஒரே புத்தகமாக 2006-இல் வந்தது, அது கிடைப்பது சுலபம். தமிழில் வேண்டுமென்றால் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், அங்கே இல்லையென்றால் என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, அட்டை கிழிந்தது. தருகிறேன். திருப்பித் தர வேண்டும்.